துன்பம் கற்பிக்கும் பாடம்: எபிரேய மறையும் மன்னார்க் கரையும்



தலைமன்னார்க் கடற்கரையில் நின்று மேற்கே நோக்கினால், மணற்றிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலினுள் இறங்கிச் செல்வதைக் காணலாம். இவற்றை இராமர் அணை என்பாரும் உளர். ஆதாம் பாலம் என்பாரும் உளர். இத்திட்டுகளின் மறுபுறத்தே, இராமேசுவரத்தில், ஆபில் காபில் தர்கா என்று ஓர் இடம் இருக்கின்றது. ஆதி பிதாவாகிய ஆதாமின் மக்கள் இருவரும் அங்கே அடங்கியிருக்கின்றனர் என்பது முஸ்லிம் மக்களிடையே வழங்கும் மரபு. எபிரேய மறையில் இவ்விருவரும் காயீன், ஆபேல் என்று பெயர் பெறுவர்.

கதை உங்களுக்குத் தெரிந்ததே. பொறாமை மேலிட்டு, அண்ணன் தம்பியை வயல்வெளியில் வைத்துக் கொன்றுவிடுகின்றான். இறைவன் அவனை நோக்கி, தம்பியைக் குறித்து ஒரு கேள்வி கேட்கின்றான். தம்பிக்குக் காவல் இருப்பது தன் வேலையா என்று அவன் எதிர்க்கேள்வி கேட்டுத் தப்பப் பார்க்கின்றான். மனித குலத்தில் நிகழ்ந்த முதற் கொலை என்று மறை கூறுவது ஓர் உடன்பிறப்பின் கொலை. அம்முதற் கேள்விக்கு விடை தேடும் முயற்சியாகவே அம்மறையின் பெரும்பகுதியை நாம் வாசிக்கலாம்.

துன்பமும் பகையும் மனிதனுக்கு எதைக் கற்பிக்கின்றன என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். துன்பம் மனிதனைப் பண்படுத்தும் என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். தீயில் இட்ட பொன் ஒளிர்வது உண்மைதான். ஆனால் தீயில் இட்ட விறகு கரியாகின்றது, அதுவும் உண்மையே. துன்பம் சிலரைப் பொன்னாக்குகின்றது, சிலரைக் கரியாக்குகின்றது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகின்றது? இவ்வினாவை மன்னார்க் கரையில் நின்று கேட்பது பொருத்தமென்று நான் எண்ணுகின்றேன்.

ஏனெனில், இச்சிறு நிலப்பரப்பில் ஒரு பகற்பொழுதிற் கண்டு திரும்பக்கூடிய தூரத்தில் பல காயங்களின் தழும்புகள் கிடக்கின்றன. தீவின் தோட்டவெளியில் ஓர் ஆலயம் இருக்கின்றது. 1544ஆம் ஆண்டில், புனித பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவின் போதனையால் புதிதாகக் கிறித்தவ மதம் தழுவிய ஏறத்தாழ அறுநூறு பேர், யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் வெட்டுண்டு மாண்டதன் நினைவு அங்கே போற்றப்படுகின்றது. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். பெருநிலப்பரப்பில், பாலாவிக் கரையில், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் போர்த்துக்கேயர் காலத்தில் இடிந்து மண்ணோடு மண்ணாயிற்று. அதன் கற்களே கோட்டைக்குச் சென்றன என்பது வழிவழி வந்த செய்தி. 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். கத்தோலிக்க வழிபாடு தடையுண்டது. 1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் தேவமாதாவின் திருச்சொரூபத்தை எடுத்துக்கொண்டு காட்டினுள் ஓடின. மருதமடுத் திருத்தலம் அவ்வாறு பிறந்தது. பின்னர், நம் காலத்திலேயே, 1990ஆம் ஆண்டு அக்டோபரில், வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் விடத்தல்தீவும் முசலியும் சில நாட்களில் வெறிச்சோடின.

சைவர், கத்தோலிக்கர், முஸ்லிம்கள் ஆகிய மூன்று சமயத்தாருக்கும் இங்கே தத்தமக்கென்று ஒரு துயர வரலாறு உண்டு. ஒருவர் காயத்தில் மற்றவரின் பெயர் எழுதப்பட்டிருக்கும் கொடுமையும் உண்டு. இத்தகைய நிலத்துக்கு எபிரேய மறை அந்நியமான நூலன்று. எகிப்து ஒருபுறமும் அசீரியா, பாபிலோன் ஆகிய பேரரசுகள் மறுபுறமும் நெருக்க, படைகள் நடக்கும் பாதையில் அகப்பட்டுக்கொண்ட ஒரு சிறு மக்கட் கூட்டத்தின் நூல் அது. கி.மு. 586இல் எருசலேம் நகரம் எரிந்தது. சாலமோன் கட்டிய ஆலயம் இடிந்தது. மக்கள் பாபிலோனுக்குச் சிறை கொண்டுபோகப்பட்டனர். அம்மறையின் பெரும்பகுதி திரட்டப்பெற்றதும் செப்பம் செய்யப்பெற்றதும் இந்தச் சிறையிருப்பிலும் அதன் பின்னருமே என்று அறிஞர் கூறுவர். வென்றவர்கள் தம் வெற்றியைக் கல்லில் வெட்டினர். தோற்றவர்களோ தம் தோல்வியை நூலாக எழுதினர். கல்வெட்டுகள் மணலில் புதைந்தன. நூல் நின்றது.

முதற்பாடம் அழுகையைப் பற்றியது.

எருசலேமின் வீழ்ச்சியைப் பற்றிய புலம்பல் நூல் ஐந்து பாடல்களால் ஆனது. முதல் நான்கும் எபிரேய நெடுங்கணக்கின் இருபத்திரண்டு எழுத்துகளையும் வரிசையாக முதலெழுத்தாகக் கொண்டு அமைந்தவை. தமிழிலே வருக்கக் கோவை பாடுவாரின் முறை போன்றது இது. அடங்காத துயரத்தை ஏன் இவ்வாறு எழுத்தெழுத்தாக அடுக்கினர்? முதலெழுத்து முதல் இறுதியெழுத்து வரை ஒன்றும் விடாமல் அழுதுவிட வேண்டும் என்பதற்காக இருக்கலாம். துயரத்துக்கும் ஒரு கரை கட்ட வேண்டும் என்பதற்காகவும் இருக்கலாம். நம் பெண்கள் ஒப்பாரியில் செய்வதும் இதுவேயன்றோ? தபசுகாலத்தில், சாக்கோமே கொன்சால்வெசு சுவாமிகள் இயற்றிய வியாகுலப் பிரசங்கத்தை இராகத்தோடு வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது நன்கு விளங்கும். அழுகைக்கு ஒரு முறை வகுத்துக் கொடுத்த சமுதாயம் அழுகையில் மூழ்கிப்போவதில்லை.

யோபுவின் கதை இதற்கு இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. மக்களையும் மந்தைகளையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்திருக்கும் யோபுவைக் காண நண்பர் மூவர் வருகின்றனர். ஏழு நாள் அவர்கள் வாய் பேசாமல் அவனோடு தரையில் அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்த நன்மை அந்த ஏழு நாட்களோடு முடிந்தது. எட்டாம் நாள் அவர்கள் விளக்கம் சொல்லத் தொடங்கினர். செய்த பாவத்தின் பயனை நீ அனுபவிக்கின்றாய் என்னும் பொருள்பட ஒருவர் பின் ஒருவராகப் பேசினர். யோபுவோ இறைவனோடு வழக்காடினான், நியாயம் கேட்டான், பிறந்த நாளையே சபித்தான். இறுதியில் இறைவன் யாரைக் கடிந்துகொள்கின்றான் தெரியுமா? வழக்காடிய யோபுவை அன்று. இறைவனுக்காகப் பரிந்து பேசிய அந்த நண்பர்களையே.

நேயர்களே, பிறருடைய துன்பத்துக்குக் காரணம் கற்பிப்பது நமக்கும் எளிதாகக் கைவந்த கலை. தலைவிதி என்போம், ஊழ்வினை என்போம், அவர்கள் தேடிக்கொண்டது என்போம். இப்படிச் சொல்லும்போது நமது சமயத்தைக் காப்பதாக எண்ணிக்கொள்கின்றோம். யோபுவின் நூல் இதனை மறுக்கின்றது. துன்புறுவோன் அருகே தரையில் அமர்ந்திருப்பதே சமயம். அவனுக்கு விளக்கம் கூறுவது சமயமன்று.

ரிஸ்பாள் என்னும் தாயை அம்மறையில் பலர் கவனிப்பதில்லை. சவுல் அரசன் செய்த பழைய கொடுமைக்குப் பழி தீர்ப்பதற்காக அவன் வழித்தோன்றல்கள் எழுவர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களில் இருவர் ரிஸ்பாள் பெற்ற மக்கள். உடல்கள் அடக்கம் செய்யப்படாமல் விடப்பட்டன. அவள் பாறைமேல் இரட்டுத் துணியை விரித்து அமர்ந்தாள். வாற்கோதுமை அறுவடை தொடங்கிய நாளிலிருந்து மழை பெய்யும் வரை, பகலில் பறவைகளும் இரவில் விலங்குகளும் அவ்வுடல்களை அணுகாமல் காத்திருந்தாள். அவள் ஒரு சொல்லும் பேசியதாக மறை கூறவில்லை. ஆனால் செய்தி தாவீது அரசனின் காதுக்கு எட்டியது. அவன் எலும்புகளை யெல்லாம் சேர்த்து முறைப்படி அடக்கம் செய்வித்தான். அதன் பின்னரே நாட்டுக்காகச் செய்த வேண்டுதல் கேட்கப்பட்டது என்று அக்கதை முடிகின்றது.

2018ஆம் ஆண்டில் மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்காக நிலம் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. அகழ்ந்து செல்லச் செல்ல முந்நூற்றுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவற்றிற் சிறு பிள்ளைகளுடையனவும் இருந்தன. அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்று அவற்றைப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தியவை என்றது; அம்முடிவை ஏற்க முடியாதென்று வாதிட்டோரும் உளர். அவ்வாதத்தைத் தீர்ப்பது என் பணியன்று. ஆனால் காணாமற்போன மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அக்குழியை நோக்கி நின்ற தாய்மாரை நினைக்கும்போது, ரிஸ்பாள் அமர்ந்த பாறை மன்னாரிலும் உண்டென்று தோன்றுகின்றது. தாயின் காத்திருப்புக்கு அரசன் செவிசாய்க்கும் வரை நாட்டுக்கு மழை இல்லை என்பது அக்கதையின் நீதி.

இரண்டாம் பாடம் இழந்த ஆலயத்தைப் பற்றியது.

எபிரேயர் தம் உடன்படிக்கைப் பெட்டியை ஒருமுறை போர்க்களத்துக்குத் தூக்கிச் சென்றனர். அது தம்மோடிருந்தால் வெற்றி உறுதி என்று ஆரவாரித்தனர். அன்று போரிலே தோற்றனர். பெட்டியும் பகைவர் கையிற் சிக்கியது. புனிதப் பொருளைப் படைக்கலமாக்கினால் இரண்டையும் இழப்போம் என்பது அந்நிகழ்ச்சியின் கடுமையான பாடம். இதற்கு மாறாக, பிற்காலத்தில் எசேக்கியேல் என்னும் தீர்க்கதரிசி பாபிலோனில், கேபார் ஆற்றங்கரையில், சிறைப்பட்டோர் நடுவே ஒரு காட்சி காண்கின்றான். இறைவனின் அரியணைக்குச் சக்கரங்கள் இருந்தனவாம்! எருசலேமில் நிலைபெற்றுவிட்டதென்று எண்ணிய அரியணை, மக்கள் துரத்தப்பட்ட இடத்துக்கு அவர்கள் பின்னாலேயே உருண்டு வந்துவிட்டது.

மடுவின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து புறப்பட்ட அத்திருச்சொரூபம் எவரையும் வெல்வதற்காகப் புறப்படவில்லை. ஓடுகின்ற மக்களோடு தானும் ஓடியது. 1687இல் இலங்கைக்கு வந்து, மாறுவேடத்தில் ஊரூராகச் சென்று, சிதறிக்கிடந்த கத்தோலிக்கரைத் தேற்றிய யோசேப் வாஸ் முனிவருக்கும் ஆலயம் என்று ஒரு கட்டடம் இருக்கவில்லை. நம் காலப் போரில் ஆயிரக்கணக்கான மக்கள் மடுவில் தஞ்சம் புகுந்தனர். 1999ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் எறிகணைகள் அங்கேயும் விழுந்தன. தஞ்சம் புகுந்தோரில் ஏறத்தாழ நாற்பது பேர் மடிந்தனர். 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் போர் நெருங்கியபோது, திருச்சொரூபம் மீண்டும் தன் இடத்தை விட்டுத் தேவன்பிட்டிக்குச் சென்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் திரும்பி வந்தது. 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் கொழும்பில் யோசேப் வாஸ் முனிவரைப் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்று மாலையே மடுவுக்கு வந்து, போரிலே இழந்தவர்கள் நடுவில் நின்று செபித்தார். தஞ்சம் புகுந்த இடத்திலும் குண்டு விழுந்தது என்பதை மறைக்காமல் சொல்லிக்கொண்டே அங்கு மக்கள் இன்றும் மன்றாடுகின்றனர். அவ்விசுவாசம் கட்டடத்தின் பாதுகாப்பை நம்பிய விசுவாசம் அன்று.

திருக்கேதீச்சரத்தின் கதையிலும் எபிரேய மறையின் நிழல் வியப்பான வகையில் விழுந்திருக்கின்றது. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்க முற்பட்டபோது அவருக்குத் துணையாக அமர்ந்தவர் ஆறுமுக நாவலர். எருசலேம் ஆலயத்தின் தூபமும் தீபமும் பலிபீடமும் நாவலருக்கு நன்கு தெரிந்தவை. சைவ வழிபாட்டைப் பழித்தோருக்கு விடையாக 1854இல் அவர் எழுதிய சைவதூஷண பரிகாரத்தில், அந்த ஆலயக் கிரியைகளையே எடுத்துக்காட்டி வாதித்தார். அதே நாவலரே 1872ஆம் ஆண்டில், திருக்கேதீச்சரம் பாழடைந்து கிடக்கின்றதே, அதனைக் கண்டு எடுத்துக் கட்டுவார் இல்லையோ என்று சைவ மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். காடு மூடிக் கிடந்த இடம் தேடிக் காணப்பட்டது. 1893இல் நிலம் வாங்கப்பட்டது. சிறு கோயில் எழுந்தது. 1948இல் திருப்பணிச் சபை அமைந்தது. மீண்டும் போர் வந்து இடையூறு செய்தது. 2022ஆம் ஆண்டு சூலை மாதத்தில், கருங்கல் திருப்பணி நிறைவுற்றுக் குடமுழுக்கு நிகழ்ந்தது.

எருசலேம் மக்கள் சிறையிலிருந்து திரும்பி இரண்டாம் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டிய நாளை எஸ்றாவின் நூல் சித்திரிக்கின்றது. இளைஞர்கள் மகிழ்ச்சியால் ஆரவாரித்தனர். முதல் ஆலயத்தைக் கண்ணாற் கண்டிருந்த முதியவர்கள் உரத்த குரலில் அழுதனர். எது ஆரவாரம், எது அழுகை என்று பிரித்தறிய முடியாதபடி அவ்வொலி தூரத்தே கேட்டதாம். மீண்டு வந்த எவருடைய மகிழ்ச்சியும் இவ்வாறு கலப்புடையதே. அதனைக் குறையென்று எண்ண வேண்டுவதில்லை.

மூன்றாம் பாடம் நிலத்தைப் பற்றியது.

பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்த காலத்தில், எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டுக் கிடந்தான். நகரம் விழப்போகின்றது என்று முன்னரே அறிவித்த குற்றத்துக்காக அடைபட்டவன் அவன். அவ்வேளையில் அவன் உறவினன் ஒருவன் வந்து, ஆனதோத்து என்னும் ஊரிலுள்ள தன் வயலை விலைக்கு வாங்கிக்கொள்ளுமாறு கேட்கின்றான். பகைவரின் கூடாரங்கள் அடித்து நிற்கும் நிலம்! எரேமியா பதினேழு வெள்ளிச் செக்கேல் நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்து, உறுதி எழுதி முத்திரையிட்டு, அவ்வுறுதியை மட்பாண்டத்துள் இட்டு நெடுநாள் கெடாமல் வைக்கச் செய்தான். மீண்டும் இந்நாட்டில் வீடும் வயலும் விலைபேசப்படும் என்பதற்கு அது அடையாளம்.

இடம் பெயர்ந்த எந்தக் குடும்பத்திலும் இக்கதைக்கு விளக்கம் வேண்டாம். 1990இல் மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையிற் சென்று இறங்கிய முஸ்லிம் மக்களிற் பலர் நகையையும் பணத்தையும் பறிகொடுத்தனர். வீட்டின் திறப்பையும் காணி உறுதியையும் துணியிற் சுற்றிக் காத்த வீடுகள் எத்தனை! அவர்களை அனுப்பாதீர்கள் என்று மன்னாரில் பரிந்து பேசிய தமிழரும் குருமாரும் இருந்தனர் என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும், அக்குரல் வெல்லவில்லை.

இதே எரேமியா, பாபிலோனில் இருந்த சிறைப்பட்டோருக்கு ஒரு கடிதமும் எழுதினான். வந்த இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் இடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், நீங்கள் இருக்கும் அந்த நகரத்தின் நன்மைக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்பது அக்கடிதத்தின் கருத்து. நாளையே திரும்பிவிடுவோம் என்று ஆசைகாட்டியோரை அவன் பொய்யர் என்றான். எழுபது ஆண்டு ஆகும் என்றான். வயலை வாங்கியவனும் அவனே, வந்த இடத்தில் வீடு கட்டச் சொன்னவனும் அவனே. இவற்றில் முரண்பாடு இல்லை. உறுதியை மட்பாண்டத்தில் காத்தல் ஒன்று. இருக்கும் மண்ணிற் பயிரிடுதல் ஒன்று. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் குடிசையிலே தொடங்கி, பள்ளிவாசலும் பாடசாலையும் தோட்டமும் கண்ட மக்கள் இவ்விரண்டையும் செய்தனர். 2009இற் போர் முடிந்தபின் திரும்பியோர், முசலிப் பக்கத்தில் தம் ஊரைக் காடு மூடியிருப்பதைக் கண்டனர். அவர்கள் பிள்ளைகளுக்கோ புத்தளமே பிறந்த ஊர். திரும்பி வருதல் என்பது ஒருநாட் செயலன்று. அது ஒரு தலைமுறையின் உழைப்பு.

இனி நான்காம் பாடம். இதுவே இப்பேச்சின் உட்கிடை.

துன்புற்றவன் துன்புறுத்தக் கூடாது என்பது தானாக வரும் அறிவு அன்று. எபிரேய மறை இதனை நன்கு அறிந்திருந்தது. பாபிலோன் ஆற்றங்கரையில் யாழை மரத்தில் மாட்டிவிட்டு அழுதோர் பாடிய சங்கீதம் ஒன்று உண்டு. அதன் தொடக்கத்தை எல்லாரும் அறிவர். அதன் முடிவைப் பலர் சொல்லத் தயங்குவர். ஏனெனில், பகைவரின் குழந்தைகளும் அழிய வேண்டும் என்னும் பயங்கரமான ஆசையில் அது முடிகின்றது. அம்முடிவை நூலைத் தொகுத்தவர்கள் வெட்டி எறியவில்லை. காயம்பட்ட நெஞ்சில் இப்படி ஒரு நஞ்சும் ஊறும் என்று காட்டுவதற்காகவே விட்டுவைத்தனர் என்று நான் கொள்கின்றேன். அந்நஞ்சை இறைவன் முன்னிலையிற் கக்கிவிட்டால் அது செபம். கையிலே எடுத்துக்கொண்டால் அது கொலை.

திரும்பி வந்து ஆலயம் கட்டியவர்களின் நிலை என்ன? அண்டையில் வாழ்ந்த மக்கள் வந்து, நாங்களும் உங்களோடு சேர்ந்து கட்டுகின்றோம் என்றனர். வேண்டாம், இது எங்களுடையது என்றனர் இவர்கள். விலக்கப்பட்டவர்கள் பகைவராயினர், ஆண்டுக்கணக்கில் வேலை தடைப்பட்டது. அகதியாய் இருந்தவன் தன் வாயிலை அடைத்த கதை அது. நம்மிடம் இவ்வாறு நிகழ்ந்ததில்லை என்று சொல்ல முடியுமா? 2019ஆம் ஆண்டு மகா சிவராத்திரிக் காலத்தில், மாந்தைச் சந்தியில் ஒரு வரவேற்பு வளைவைக் குறித்துச் சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் எழுந்த பிணக்கும், அன்று வளைவு பிடுங்கி எறியப்பட்டதும் நாமறிந்தவை. போர்த்துக்கேயரிடம் கோயிலை இழந்தவரின் வழித்தோன்றலும், ஒல்லாந்தரிடம் கோயிலை இழந்தவரின் வழித்தோன்றலும் ஒரே சாலையில் எதிரெதிரே நின்றனர். தன் பாட்டனின் காயத்தை மறவாத ஒவ்வொருவரும் எதிரே நின்றவனின் பாட்டனுக்கும் காயம் உண்டென்பதை அந்நாழிகையில் மறந்தனர்.

எபிரேய மறை இதற்கு இரு மருந்து தருகின்றது. ஒன்று கட்டளை. அந்நியனை ஒடுக்காதே, நீயும் எகிப்தில் அந்நியனாய் இருந்தாய், அந்நியனின் நெஞ்சம் எத்தகையது என்பது உனக்குத் தெரியும் என்னும் கருத்து அம்மறையிற் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருகின்றது. நினைவு என்பது பழி தீர்ப்பதற்கன்று, இரங்குவதற்கே என்று அது விதிக்கின்றது. மற்றொன்று கதை. மோவாபியரைச் சபையிற் சேர்க்கலாகாது என்று சட்டம் எழுதிய அதே நூற்றொகுதியில், ரூத் என்னும் மோவாபியப் பெண்ணின் கதையும் வைக்கப்பட்டுள்ளது. கணவனை இழந்து, மாமியாரோடு அயல்நாடு வந்து, அறுத்த வயலிற் கதிர் பொறுக்கிப் பிழைத்த ஏழை அவள். அப்பெண்ணின் வழியிலேதான் தாவீது அரசன் பிறந்தான். சட்டம் அடைத்த கதவைக் கதை திறந்துவிட்டது.

சென்ற நூற்றாண்டுக்கும் முன்னர், தென்னிந்தியாவிலிருந்து இம்மன்னார்க் கரையில் வந்திறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்த கோப்பித் தோட்டத் தொழிலாளரையும் இங்கே நினைக்கின்றேன். வழியிலே காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் விழுந்தவர் பலர். அவர்களும் இக்கரைக்கு அந்நியராய் வந்தவர்களே. நம்முள் எவருடைய மரபுவழியையேனும் சற்றுப் பின்னோக்கித் தொடர்ந்தால், ஒரு தோணியோ ஒரு நெடும்பாதையோ கண்ணிற் படாமற் போகாது.

நேயர்களே, துன்பம் எவனைப் பொன்னாக்குகின்றது, எவனைக் கரியாக்குகின்றது என்று தொடக்கத்திற் கேட்டேன். தன் துன்பத்தைத் தன் சொத்தாக மட்டும் வைத்துக்கொண்டவனை அது கரியாக்குகின்றது. பிறர் துன்பத்தை அறியும் கண்ணாக அதனைக் கொண்டவனைப் பொன்னாக்குகின்றது. இதுவே எபிரேய மறையிலிருந்து நான் கற்றது.

அண்ணன் தம்பியைக் கொன்ற கதையில் தொடங்கினோம். அதே நூலில் வேறு இரு சகோதரரின் கதையும் உண்டு. யாக்கோபு தன் அண்ணன் ஏசாவை ஏமாற்றிவிட்டு ஓடியவன். இருபது ஆண்டு கழித்துத் திரும்புகின்றான். அண்ணன் நானூறு பேருடன் எதிரே வருகின்றான் என்று கேட்டு அஞ்சுகின்றான். அன்றிரவு ஆற்றங்கரையில், முகம் தெரியாத ஒருவரோடு விடியும்வரை மற்போர் புரிகின்றான். தொடைச்சந்து பிசகுகின்றது, ஆயினும் ஆசி பெறாமல் பிடியை விடவில்லை. பொழுது புலர்ந்தபோது நொண்டிக்கொண்டே அண்ணனை நோக்கிச் செல்கின்றான். ஏசாவோ ஓடிவந்து அவனைக் கட்டிக்கொள்ள, இருவரும் அழுகின்றனர். அண்ணனின் முகத்திலே இறைவனின் முகத்தைக் கண்டதாக யாக்கோபு கூறுகின்றான்.

யாக்கோபின் கால் பின்னர் குணமாயிற்று என்று மறை கூறவில்லை. அவன் நொண்டியபடியேதான் உடன்பிறந்தானிடம் சென்றான். மன்னாரின் மூன்று சமயத்தாரும் நொண்டிக்கொண்டிருப்பவர்களே. காயம் ஆறட்டும், பின்னர் போவோம் என்று காத்திருந்தால் போகும் நாள் வராது. எருக்கலம்பிட்டிக்குத் திரும்பிய குடும்பத்தின் வீட்டுப் படலையைத் தோட்டவெளிக்காரர் ஒருவர் தட்டுவதும், திருக்கேதீச்சரத்துக்கு வரும் அடியாருக்கு மாந்தைக் கத்தோலிக்கர் ஒருவர் மோர் வார்ப்பதும், மடு ஆவணித் திருவிழாவுக்குச் செல்லும் வண்டிக்குச் சைவ வீடொன்று வழித்துணை செய்வதும் சிறு செயல்களே. தம்பியைக் குறித்து அன்று கேட்கப்பட்ட கேள்விக்கு நாம் தரக்கூடிய விடை இத்தகைய சிறு செயல்களிலேதான் இருக்கின்றது.